அருவருப்பு இல்லாதவள்

சுமலதாவின் பியூட்டி பார்லரில் கவிநிலாவுக்கு ஒரு பெயர் இருந்தது: அருவருப்பு இல்லாதவள். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த பார்லரில் மற்றப் பெண்கள் தொடத் தயங்குகிற உடம்புகள் எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். பித்தவெடிப்புக்குள் மண் ஏறிய குதிகால், சேற்றுப்புண்ணில் வெளுத்த விரலிடுக்கு, ஈரும் பேனுமாய்ச் சிக்குப் பிடித்த தலை, வியர்வை காயாத அக்குள் எதுவானாலும் சரி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "மனுஷ ஒடம்புதானக்கா, இதுல இன்னா இருக்குது" என்பாள்.

அவள் புருஷன் சிலம்பரசன் இதற்கு நேர்மாறு. ஆட்டோ ஓட்டுகிறவன். விடிகாலையில் பெரிய மார்க்கெட்டிலிருந்து மீன்கார அம்மாக்களைக் கூடையோடு ஏற்றிவருவான். வண்டி முழுக்க மீன்தண்ணி வடிந்தாலும் அவனுக்கு ஒன்றும் இல்லை. மனுஷ எச்சில் மட்டும் ஆகாது. சோற்றில் ஒரு முடி கிடந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவான். ரோட்டில் யாராவது காறித் துப்பினால் இவன் தொண்டையைப் பிடித்துக்கொள்வான். கல்யாணமான புதிதில் அவன் டம்ளரில் கவிநிலா வாய்வைத்துக் குடித்துவிட்டாள் என்று எழுந்துபோய் வேறு டம்ளர் எடுத்து வந்தான். அதைப் பார்லரில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஆடி பிறந்து சில நாளில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

நாள் தள்ளிப்போயிருந்தது. கீழே மருந்துக்கடையில் கிட் வாங்கிப் பார்த்தாள். இரண்டு கோடு விழுந்தது. சிலம்பரசன் அவளைத் தூக்கிச் சுற்றினான். மாமியார் ராஜாம்பாள் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்து, "மூணு மாசம் முடியறவரைக்கும் வெளில மூச்சு விடாத. கண்ணு பட்டுடும்" என்றாள். கவிநிலாவும் சரியென்று தலையாட்டினாள். பார்லருக்கு ஏழாம் மாசத்தில் வளைகாப்புக்கு ஃபேஷியல் செய்ய வரும் பெண்கள்தான் அவள் கண்முன் நின்றார்கள். கன்னத்தில் ஒரு பளபளப்பும், வயிற்றின்மேல் கையும், நடையில் ஒரு நிதானமுமாக வருவார்கள். தானும் அப்படி ஆகப்போகிறோம் என்று நினைத்தாள். அவர்களில் ஒருத்தியாவது முதல் மூன்று மாசத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை.

முதலில் கெட்டது மூக்கு. ஒரு காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தவள், உள்ளே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்துத் துடைத்தாள். செத்தது எதுவும் இல்லை. நேற்றைய சாம்பாரும் அரை முறித் தேங்காயும்தான் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக நாற ஆரம்பித்தது. ஈரத் துண்டு நாறியது. குழாய்த் தண்ணீர் பாசி வாடை அடித்தது. எதிர்வீட்டில் வெங்காயம் வதக்கினால் இவள் சன்னலைச் சாத்தினாள். சிலம்பரசன் பக்கத்தில் வந்து படுத்தால் அவன் தலையிலிருந்து செத்த எலி வாடை வந்தது. அதே தலையைத்தான் போன மாசம் வரைக்கும் மோந்துகொண்டே தூங்கியிருந்தாள்.

அப்புறம் வாய் கெட்டது. பல் விளக்கினாலும் விளக்காவிட்டாலும் துருப்பிடித்த ஆணியை நக்கினாற்போல ஒரு ருசி. பிரஷ் பட்டாலே ஈறில் ரத்தம் வந்தது. கூடவே எச்சில் ஊற ஆரம்பித்தது. சாதாரணமாக ஊறுகிற எச்சில் இல்லை. கொழகொழவென்று, முட்டை வெள்ளைக்கருபோல, ஓயாமல் ஊறியது. முழுங்கினால் வாந்தி வந்தது. முழுங்காவிட்டால் வாய் நிரம்பியது. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். நிமிஷத்துக்கொரு தரம் டாய்லெட்டுக்குப் போவதுபோலப் போய் அதில் துப்பிவிட்டு வருவாள். ராத்திரி பார்த்தால் டப்பாவில் பாதி நிறைந்திருக்கும். அது தன் வாயிலிருந்து வந்ததுதானா என்று பார்க்கவே அவளுக்குக் குமட்டியது.

உடம்பும் அவளுடையதாக இல்லை. மார்பு இரண்டும் கட்டிபோலக் கல்லாகி, ஜாக்கெட் உரசினாலே உயிர் போனது. காம்பைச் சுற்றிக் கறுத்து, சின்னச் சின்னப் பொரிப் பொரியாய் எழும்பியிருந்தது. குளிக்கும்போது கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள். வயிறு காற்றடைத்த பலூன் மாதிரி உப்பி, நேரம் காலம் இல்லாமல் ஏப்பமும் கீழ்க்காற்றும் வந்தன. நாள்கணக்கில் வெளிக்குப் போகவில்லை. ஒண்ணுக்கோ ஓயாமல் வந்தது. உள்ளாடை எப்போதும் பிசுபிசுத்தது. நின்றால் தூக்கம் வந்தது, படுத்தால் நெஞ்சு எரிந்தது. ஊரார் கால் வெடிப்பை எல்லாம் சுரண்டியவளுக்குத் தன் உடம்பைத் தொடப் பிடிக்கவில்லை.

ராஜாம்பாளிடம் சொல்லிப் பார்த்தாள். "அதான் மசக்கை. நெறைய வாந்தி வந்தா புள்ள கெட்டியா தங்கிடுச்சின்னு அர்த்தம்" என்று மாமியார் சந்தோஷப்பட்டாள். மருமகளுக்குத் தெம்பு வர வேண்டுமென்று சுறாப்புட்டு செய்து, பூண்டு தட்டிப்போட்டு, சூடாகத் தட்டில் கொண்டுவந்து மூக்குக்கு நேராக நீட்டினாள். கவிநிலா கொல்லைப்பக்கம் ஓடினாள். வெற்றிலை போட்ட வாயோடு பின்னாலேயே வந்து நின்று, "வாந்தி எடுத்துட்டு ஒரு வாய் சாப்புடு, பாப்பா. எடுக்க எடுக்கத் தின்னணும்" என்றாள் ராஜாம்பாள். அந்த வெற்றிலை வாடைக்கு இன்னொரு தரம் வந்தது.

சிலம்பரசன் வாசல்வரை வந்தான். அவள் குனிந்து ஓங்கரிக்கிற சத்தம் கேட்டதும் அவனுக்கும் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து பாயை எடுத்துப்போய் ஹாலில் படுத்தான். அவளுக்கு அது வலித்தது. அந்தத் தலை பக்கத்தில் இல்லை என்று நிம்மதியாகவும் இருந்தது. இரண்டையும் யாரிடம் போய்ச் சொல்வது?

பார்லரில் ஒருத்திக்கும் தெரியாது. நூலைப் பல்லில் கடித்தபடி முகத்தருகே குனிகிற திரெடிங்கெல்லாம் அவளுக்கு நரகமாகியிருந்தது. கஸ்டமர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பது புருவம் எடுப்பதற்குள் தெரிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தாள். இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள், செந்தமிழ்ச்செல்வி மேடம் பெடிக்யூருக்கு வந்த நாள்வரைக்கும்.

அந்த அம்மாள் ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். வழக்கமாக வருகிறவர், கவிநிலாவைத்தான் கேட்பார். வெந்நீர் தொட்டியில் ஷாம்பு கலந்து அவருடைய கால்களை ஊறவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள் கவிநிலா. வெந்நீரில் ஊறிய தோல் மெல்ல வெளுத்து, குதிகாலிலிருந்து நனைந்த அப்பளம்போல எழும்பியது. அவள் கல்லை எடுத்துத் தேய்த்தாள். மாவு மாதிரி செத்த தோல் விரலோடு வந்தது. நகத்தடியிலிருந்து சுரண்டிய அழுக்கு கத்தி நுனியில் கறுப்பாய் நின்றது. வெந்நீர் ஆவியோடு ஒரு புளித்த வாடை ஏறி நேராக அவள் மூக்குக்கு வந்தது. அதற்குள் வாயில் எச்சில் நிரம்பிவிட்டது. எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தாள். கால் அவள் மடியில் இருந்தது. தள்ளிவிடவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

காலையில் குடித்த கஞ்சி மொத்தமும் தொட்டிக்குள் போனது. அந்த அம்மாளின் இன்னொரு கால் அதற்குள்தான் இருந்தது.

செந்தமிழ்ச்செல்வி போட்ட கூச்சலில் கீழே மருந்துக்கடைக்காரரே படியேறி வந்துவிட்டார். காலை உதறியதில் தொட்டி சாய்ந்து, தண்ணீரும் கஞ்சியும் தரை முழுக்க ஓடின.

"மேடம், மன்னிச்சிடுங்க மேடம். நான் முழுகாம இருக்கேன்" என்றாள் கவிநிலா, தரையில் மண்டியிட்டபடியே.

"இருந்தா வீட்ல இருக்கணும்! நானும் மூணு பெத்தவதான். ஒரு நாளாவது இப்படி அசிங்கம் பண்ணியிருக்கனா? டெட்டால் கொண்டாங்க. சுமலதா, நீயே வந்து கழுவு. இவ கையால வேணாம்."

சுமலதா கழுவினாள். தரையைக் கவிநிலா துடைத்தாள். துடைக்கத் துடைக்க மறுபடியும் ஓங்கரித்தது. எல்லாம் அடங்கியபின் சுமலதா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அத்த சொல்லக்கூடாதுன்னுச்சி."

"சரி. வீட்டுக்குப் போ. எல்லாம் அடங்கினப்புறம் வா, ஒன் எடம் இங்கதான் இருக்கும். இப்ப வேணாம். அந்தம்மா தெரு முழுக்கச் சொல்லும்டி." பேசும்போதே சுமலதா ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றாள். தன் மோவாயில் ஒட்டியிருந்ததைத்தான் அவள் பார்த்தாள் என்பது வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தபோதுதான் கவிநிலாவுக்குத் தெரிந்தது.

வீட்டில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டால் வந்தது, சாப்பிடாவிட்டாலும் வந்தது. முதலில் சோறு, பிறகு வெறும் தண்ணீர், கடைசியில் வெளிறிய பச்சையில் பித்தம். பித்தத்தின் கசப்பு மூக்கு வழியாகவும் வந்தது. தண்ணீர் நாறியதால் தண்ணீரை விட்டாள். நாக்கு தடித்து மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஊறிக்கொண்டிருந்த எச்சிலும் நூல்போல இழுபட்டது. ராஜாம்பாள் வேப்பிலை சொருகினாள், எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டாள், "மூணு மாசம் பல்லக் கடிச்சிக்க" என்றாள். ஒருநாள் மதியம் பாத்ரூமுக்குப் போன கவிநிலா, தன் மூத்திரம் டீ டிகாஷன் நிறத்தில் சொட்டுச் சொட்டாய்ப் போவதைப் பார்த்தாள். எழுந்தபோது சுவர் சாய்ந்தது. கதவைத் தட்டிக்கொண்டே சரிந்து உட்கார்ந்தாள்.

சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த சிலம்பரசன்தான் அவளைத் தூக்கினான். கை கால் விறகாய் இளைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தான். தூக்கிப்போய் ஆட்டோவில் வைத்தால், "மீனு... மீனு நாறுது. எறக்கி வுடு" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுத்தாள். மயக்கத்திலும் மூக்கு மட்டும் வேலை செய்தது. பக்கத்துத் தெரு ராஜ்கமலின் ஆட்டோவை வாங்கிவந்தான். அதில் ஒரு சென்ட் டப்பா தொங்கியது. அதற்கும் ஓங்கரித்தாள். டப்பாவைப் பிடுங்கி எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். ராஜாம்பாள் பின்னால் மருமகளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மாமியாரின் வெற்றிலை வாடையிலிருந்து தப்பிக்கக் கவிநிலா முகத்தை முன்பக்கம் திருப்பினாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான். பச்சைப் பித்தம் வெதுவெதுப்பாகச் சிலம்பரசனின் பிடரியில் விழுந்து, சட்டைக் காலருக்குள் இறங்கி, முதுகுத்தண்டு வழியாக வழிந்தது.

அவன் உடம்பு விறைத்தது. வண்டியை ஓரம்கட்டினான். இறங்கி, வாய்க்கால் விளிம்பில் குந்தி, காலையில் தின்ற இட்லி உட்பட எல்லாவற்றையும் எடுத்தான். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏன்டா, முழுகாம இருக்கறது அவளா நீயா? வந்து வண்டிய எடுடா!" என்று ராஜாம்பாள் கத்தினாள்.

சட்டையைக் கழற்றிக் கழுத்தைத் துடைத்தான். அதைச் சுருட்டி எறிந்துவிட்டுப் பனியனோடு வந்து உட்கார்ந்தான். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வாசல்வரை எங்கேயும் நிறுத்தவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. கவிநிலாவின் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், மூத்திரத்தில் ஒரு பட்டையை நனைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"எத்தனை நாளா தண்ணிகூடத் தங்கல?"

"மசக்கைதானேன்னு..." என்று இழுத்தாள் ராஜாம்பாள்.

"மசக்கைதாம்மா. ஆனா இது அளவுக்கு மீறினது. வாந்தி வரும், வாசனை புடிக்காது, எச்சில் ஊறும், எல்லாம் சகஜம். தண்ணி தங்கலன்னா, ஒண்ணுக்கு கறுத்துப்போனா, தலை சுத்தி விழுந்தா அன்னிக்கே வந்துடணும். பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கற விஷயம் இல்ல இது."

ராஜாம்பாள் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குழாயில் வாய் கொப்பளித்தாள்.

நரம்பு தேடித்தேடி ஊசியை ஏற்றினார்கள். குளுக்கோஸ் இறங்க ஆரம்பித்தது. வாந்தி நிற்க ஒரு ஊசி போட்டார்கள். பினாயில் வாடையும், பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்த தயிர்சாத வாடையும் சேர்ந்து மறுபடியும் அவளைப் புரட்டின. நர்ஸ் ஒரு ஸ்டீல் தட்டை எடுத்துச் சிலம்பரசன் கையில் திணித்தாள். "புடிங்க. எனக்கு நூறு வேல இருக்குது."

அவன் தட்டைப் பிடித்தான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு பிடித்தான். அவள் எடுத்தாள். தட்டு கீழே விழவில்லை. எடுத்து முடித்துக் கோழையை இழுத்துத் துப்ப வலுவில்லாமல் அவள் திணறியபோது, அவன் கண்ணைத் திறந்தான். வாயோரம் தொங்கிய அந்தக் கோழையைத் தன் விரலாலேயே வழித்துத் தட்டில் போட்டான். போட்டுவிட்டு அந்த விரலை உடம்பைவிட்டுத் தள்ளி, நெருப்புச் சுட்டதுபோல நீட்டியபடியே வாஷ்பேசினுக்கு ஓடினான். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

சாயங்காலத்துக்குள் அவளுக்குக் கொஞ்சம் தெளிந்தது. ராஜாம்பாள் மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். சிலம்பரசன் கட்டிலுக்கு ஓரடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே?"

"சொல்லு."

"எனக்கு சந்தோஷமே வரல. அத்த பேரு வெக்கறதப் பத்திப் பேசுது. எனக்கு அத நெனச்சாலே கொமட்டுது. என் ஒடம்பே கொமட்டுது. சொரண்டி எடுத்து எங்கியாவது வீசிட்டுப் புதுசா ஒண்ணு போட்டுக்கலாம்போல இருக்குது. இப்படி நெனைக்கறவள்லாம் ஒரு அம்மாவா?"

அவன் நீட்டி வைத்திருந்த விரலைப் பார்த்தான்.

"எனக்கும் கொமட்டுது, நிலா" என்றான். "ஒன் பக்கத்துல வந்தாலே கொமட்டுது. ஹால்ல படுத்தது அதான். அந்த எச்சி டப்பாவ நெனச்சா சோறு எறங்கல. பொண்டாட்டிய பாத்துக் கொமட்டுதுன்னு யார்கிட்டப் போயி சொல்றது? அப்பன் ஆவப்போறவன் இப்படியா இருப்பான்னு நானே என்ன திட்டிக்கிட்டேன்."

அவளுக்கு அழுகை வர வேண்டும். வரவில்லை. இத்தனை நாளில் ஒருவர்கூட இதை அவளிடம் அசிங்கம் என்று ஒப்புக்கொண்டதில்லை. சுபம் என்றார்கள், நல்லதுக்கு என்றார்கள், பொறுத்துக்கோ என்றார்கள். இவன் ஒருத்தன்தான் நாறுவதை நாறுகிறது என்று சொல்கிறான்.

"ஒன் தலையும் நாறுது மாமா. செத்த எலி மாதிரி."

"காலைலதான்டி ஷாம்பு போட்டேன்."

"அதான் நாறுது."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்ததில் எச்சில் புறங்கையில் வழிந்தது. "சிரிச்சா ஊசி கழண்டுக்கும்" என்று நர்ஸ் தூரத்திலிருந்தே அதட்டினாள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றைக் காலியாக விடாமல், எழுந்திருப்பதற்கு முன்பே காய்ந்ததாக ஏதாவது ஒரு கடி கடிக்கச் சொன்னார்கள். தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் குடிக்கச் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பேக்கரி ரொட்டியின் கெட்டியான மேல்தோல் மட்டும் அவளுக்கு வாடை அடிக்கவில்லை. அதைப் பிய்த்துப் பிய்த்து வாயில் ஊறவைத்துத் தின்றாள். சில கடி தங்கியது, சில கடி வெளியே வந்தது.

போகும் முன் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் தடவிய ஜெல் குளிர்ந்து கொழகொழத்தது. அவளுக்கு எச்சில் டப்பா ஞாபகம் வந்து உடம்பு சிலிர்த்தது. டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, நடுவில் ஒரு புள்ளி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இதைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். வந்தது ஒரு புளித்த ஏப்பம்தான். ஆனாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 'போதும்மா' என்று டாக்டரம்மா சொல்லும்வரை பார்த்தாள்.

சிலம்பரசன் வெளியே மரத்தடியில் காத்திருந்தான்.

"பாத்தியா? எப்படி இருந்துச்சி?"

"ஊறின மொச்சக்கொட்ட மாதிரி."

"அழகா இருந்துச்சா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இல்ல. ஆனா அது பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே இருக்குது, மாமா. நான் செத்துப் பொழச்சது எதுவும் அதுக்குத் தெரியல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயில் எச்சில் திரண்டது. கையை நீட்டினாள். அவன் பாக்கெட்டிலிருந்து கேரிபேக்கை உதறிப் பிரித்து, "கருமம், கருமம்" என்று முணுமுணுத்தபடி, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு பிடித்தான். வாந்தி ஐந்தாம் மாசம்வரை விட்டுவிட்டு வந்தது. எச்சில் அதற்கப்புறமும் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அதுவும் வற்றியது.